போர்த்துக்கேயனின் தலைக்கவசம்

மூன்று வருடங்களுக்கு முன், கனடாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னனைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். போர்த்துக்கேயச் சிப்பாய்களாக வந்த நான்கு பேரும் ஹலோவீன் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். உச்சியில் தூரிகை போலச் சிவப்புக் குஞ்சம். அது ரோமாபுரிக்காரன் போடுவது. பக்கத்தில் இருந்த என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, இது ரியலா நடந்ததோ, இல்லாட்டி சும்மா ஸ்ரோறியோ?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளில் அல்ல, அந்தத் தூரிகையில்.

அடுத்த வருடமும் அதே நாடகம் என்று முடிவானபோது, உடையும் பொருட்களும் என் பொறுப்பு என்று நானாகவே கையைத் தூக்கினேன். இது நடந்த கதை என்று மகள் நம்ப வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் சிரித்தார்.

"உதெல்லாம் ஆர் தம்பி பாக்கப் போகினம்? மினுங்கினாக் காணும்."

"மினுங்கினாக் காணும் எண்டுதான் அண்ணை நாங்கள் உருப்படாமல் இருக்கிறம்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நான் மிசிசாகாவில் விமான உதிரிப்பாகங்களைப் பரிசோதிக்கிறவன். ஒரு துளை மயிரிழை விலகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புவது என் தொழில். அந்தப் புத்தியை வேலைத்தலத்தில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது.

இணையத்தில் தேடினால் கவசம் விற்கிற எல்லாரும் 'வரலாற்றுத் துல்லியம்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அண்டப் புளுகு. ஒன்றின் விளிம்பு வேறு நூற்றாண்டுக்கு உரியது. இன்னொன்றில் சுற்றிவர இருந்த ஆணித் தலைகள் வெறும் ஒட்டு. உண்மையான கவசத்தில் அந்த ஆணிகள் உள்ளே ஒரு தோல் பட்டியைப் பிடித்திருக்கும். தலைக்கு மெத்தையை அந்தப் பட்டியில்தான் தைப்பார்கள். எதையும் பிடிக்காத ஆணியைக் காட்டி ஏமாற்றுகிறவனை எந்த வகையில் சேர்ப்பது?

கடைசியில் விமான நிலையத்துக்குப் பின்னால், பண்டகசாலைகளுக்கு நடுவில், ஒரு வெள்ளைக்காரரைக் கண்டுபிடித்தேன். வார இறுதிகளில் மத்தியகால வீரர்களாக வேடமிட்டு மோதிக்கொள்கிறவர்களுக்குக் கவசம் விற்பவர். "எந்த நாடு? எந்தக் காலம்? காலாளா, அதிகாரியா?" என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சுவரில் வாளி கவிழ்த்தது போல முகத்தை மூடும் கவசங்கள் தொங்கின. அவை உங்கள் சிப்பாய்களுக்கு மிகவும் முந்தியவை என்று ஒதுக்கிவிட்டு, இரண்டை மேசையில் வைத்தார். இரண்டிலும் நடுவே சேவல் கொண்டை போல ஒரு மேடு, முன்னும் பின்னும் மேலே வளைந்த விளிம்பு. ஒன்றின் கொண்டையில் இரண்டு தகடுகளை ஒட்டிய தழும்பு தெரிந்தது. மற்றது ஒரே தகட்டில் அடித்து எழுப்பியது. அதை, வேலையில் தடிப்பு அளக்கும் என் கருவியால் அளந்தேன். உச்சியில் தடிப்பு, பக்கங்களில் மெல்லிசு. அவர் காட்டிய பழம்பொருள் நூதனசாலைப் படங்களிலும் அப்படித்தான் குறித்திருந்தது. அதில் நான்கு எடுத்தேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "உங்கள் மன்னர் தலையில் என்ன அணிந்தார்? படம் இருந்தால் தாருங்கள், அதையும் செய்விக்கலாம்."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு ஆணிக்காக உலகத்தையே திட்டிய எனக்கு, என் மன்னனின் தலையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஸ்காபுறோவில் வீடு வரும்வரை என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

பிறகு விசாரித்தேன். ஒருவர் விஜயநகரப் பாணி என்றார். ஒருவர் சினிமாப் படம் ஒன்றை அனுப்பினார். நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் போர்த்துக்கேயனின் கப்பல், பீரங்கி, சட்டைப் பொத்தான் வரைக்கும் படம் இருந்தது. எங்கள் மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் இருந்தது. அவன் தலையில் என்ன இருந்ததென்று, நான் தேடியவரையில், எங்கும் இல்லை. வென்றவனுக்கு அது எதற்கு? எங்கள் ஆட்களாவது எழுதி வைத்திருக்கலாம். வைத்திருந்தாலும் எரிந்ததோ, கறையான் தின்றதோ, யாரைப் பிடித்து ஏசுவது?

"முடிதான். வேற என்ன?" என்றார் தலைவர். கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து கல் பதித்த மாப்பிள்ளைத் தலைப்பா ஒன்று வந்தது. அது பிழை என்று சொல்ல வாய் திறந்தேன். சரி எது என்று எனக்கே தெரியாது. தலைப்பாவை வாங்கி மன்னனின் உடுப்போடு வைத்தேன்.

விழா நாளில் நான்கு சிப்பாய்களும் மேடைக்கு வந்ததும் மண்டபம் அடங்கிவிட்டது. இரும்பின் பாரம் அவர்களின் கழுத்தை நிமிர்த்தி, நடையையே மாற்றியிருந்தது. பிறகு மன்னன் வந்தான். தலைப்பா பெரிது. வசனம் பேசும்போதெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காரில் ஏறியதும் மகளே ஆரம்பித்தாள்.

"அந்த சோல்ஜர்ஸ் அப்பிடியே ரியல் அப்பா. உண்மையாவே பயமா இருந்தது."

எனக்கு மனம் குளிர்ந்தது. "அப்ப இது நடந்ததெண்டு நம்புறியோ?"

"அவையள் வந்தவை எண்டு நம்புறன்." சீற் பெல்ற்றை இழுத்துப் பூட்டினாள். "கிங்தான் கலியாண மாப்பிள்ளை மாதிரி நிண்டார். அப்பிடி ஒராள் இருந்தவரோ?"

"இருந்தவர்" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பிள்ளையிடம் கத்தியது பிழைதான். ஆனால் அவர் இருந்தார் என்பதற்கு அவளிடம் காட்ட அந்தக் கத்தலை விட என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.