நாலில் தொடங்கும் ஏழு

சனிக்கிழமை காலை 6.05. கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்தில், ஏழு கிலோ கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். டோர்ட்மண்ட் வரை சாலைக் கணக்கில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். என்னிடம் இருந்தது 58 யூரோ மாதச் சீட்டு. அதில் விரைவு ரயில்கள் கிடையாது. மான்ஹைம், மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் என நான்கு இடங்களில் மாற வேண்டும்.

பயணத்துக்கு முன் பட்டியல் போடுவது என் வழக்கம். கைப்பேசியில் அடாப்டர், கீபோர்டுப் பெடல், இசைத்தாள், எலுமிச்சைச் சாதம் என்று போய், கடைசி வரி இப்படி இருந்தது: "11. இதுவும் இல்லை என்றால் கீபோர்டை விற்றுவிடுவது." ஜெர்மனிக்கு வந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு இசைக்குழுக்களிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். ஒன்று மறுத்தது, மற்றது பதிலே போடவில்லை. நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். ஒரே சோதனை மூன்று முறை தோற்றால் நிறுத்திவிடுவோம்.

டோர்ட்மண்டில் இருப்பது மூன்று பேர் கொண்ட முற்போக்கு ராக் குழு. வசந்த காலத்தில், மூடப்பட்ட சுரங்கம் ஒன்றின் கூடத்தில் அவர்களுக்குக் கச்சேரி. கீபோர்டுக்கு ஆள் இல்லை. தாங்களே இயற்றிய பத்தொன்பது நிமிட உருப்படியின் பழைய பதிவை அனுப்பியிருந்தார்கள். ஐந்து வாரம் வாசித்துப் பழகினேன்.

பத்தொன்பது நிமிடம் என்றால் சிலர் கண்ணை விரிப்பார்கள். மூன்று நிமிடப் பாட்டு என்ற அச்சை உடைக்கத்தான் இந்த இசை பிறந்தது. அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர்கள் தேவாலய ஆர்கனையும் செவ்வியல் இசையையும் ராக்கோடு சேர்த்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படியாக வாசித்தார்கள். கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் அதை முதலில் கேட்டபோது நீளம் எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடுகிற ஊரில் வளர்ந்தவளுக்கு இருபது நிமிடம் என்ன பெரிய விஷயம்?

9.20. மைன்ஸிலிருந்து ரயில் ரைன் நதியை ஒட்டிப் போயிற்று. எதிரில் அமர்ந்திருந்த வெள்ளை மீசைக்காரர் என் பையைக் காட்டி என்ன வாசிப்பேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அந்த முடிவே இல்லாத பாட்டுகளா! என் அண்ணன் போடுவான். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்."

"அவருக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கக் கூடாது என்றுதானே அண்ணன் போட்டான்!"

சிரித்துவிட்டு, தணிந்த குரலில் தொடர்ந்தார். போரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். வானொலியில் மலை, காதல், விடுமுறை என்று இனிப்பான பாட்டுகள். "அந்தப் பாட்டும் வேண்டாம், அமெரிக்காவை நகல் எடுக்கவும் வேண்டாம் என்று நினைத்தோம். அதனால் புதிதாக ஏதோ சத்தம் போட்டோம்." அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகள், ஜெர்மானியர் தின்னும் முட்டைக்கோஸைச் சேர்த்து, 'முட்டைக்கோஸ் ராக்' என்று கேலிப்பெயர் வைத்தன. இன்று அதுவே மரியாதையான பெயராகிவிட்டது.

12.25. கொலோன். காப்பி 3.20 யூரோ. இந்த நகரத்தின் வானொலிக் கூடம் ஒன்றில்தான் ஐம்பதுகளிலேயே இயந்திரங்களைக் கொண்டு இசை செய்து பார்த்தார்கள். பார்க்க நேரமில்லை. அடுத்த ரயில் இருபது நிமிடம் தாமதம்.

14.25. டோர்ட்மண்ட். அழைத்துப்போக ஜெனிற்றா அக்கா வந்திருந்தார். குழுவில் பாஸ் கிட்டார் அவர்தான். சொந்த ஊர் மன்னார். சிறு வயதில் அகதியாக வந்தவர், இப்போது ட்ராம் ஓட்டுகிறார்.

"வாங்கோ தங்கச்சி. களைச்சுப் போனீங்களோ?"

"பரவாயில்லை அக்கா. நீங்க எப்படி இந்த மியூசிக்குக்கு வந்தீங்க?"

"கோயில் பாடகர் குழுவில பாஸ் வாசிக்க ஆளில்லையெண்டு ஃபாதர் என்னைப் பிடிச்சு இருத்தினவர். பிறகு விட ஏலாமப் போச்சு." காரை எடுத்தபடி, "உங்களுக்கு முன்னம் நாலு பேர் வந்து வாசிச்சவை. எங்கட டிரம்மர் உலி நாலு பேருக்கும் 'நன்றி' எண்டவர். அவர் நன்றி சொன்னால் கதை முடிஞ்சுது, விளங்கிச்சோ?" என்றார்.

15.00. பயிற்சிக்கூடம், முன்பு சுரங்கத் தொழிலாளர் உடை மாற்றிய இடம். துணிகளைக் கூரைக்கு ஏற்றிய கொக்கிகள் இன்னும் தலைக்கு மேலே தொங்குகின்றன. டிரம்ஸ் வாசிக்கும் உலி ஓய்வுபெற்ற சுரங்க எலெக்ட்ரீஷியன். கிட்டார்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை.

உலி ஜெர்மனில் சொன்னார்: "பதிவில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ஏழு எண்ணிக்கைப் பகுதியின் நடுவில் எல்லோரும் நிறுத்துவோம். ஏழு எண்ணும் வரை மௌனம். பிறகு 'ஒன்று' வரும்போது மூவரும் சேர்ந்து."

தொடங்கினோம். நிறுத்தினோம். மௌனம். அவர்கள் இருவரும் இறங்கினார்கள். நான் நான்கு எண்ணிக்கை தள்ளி விழுந்தேன். மறுபடி வாசித்தோம். மறுபடியும் அதே நான்கு.

உலி குச்சிகளைக் கீழே வைத்தார். "வெகுதூரம் வந்திருக்கிறீர்கள். நன்றி."

ஜெனிற்றா அக்கா தரையைப் பார்த்தார்.

ஒரே பிழை ஒரே அளவில் இரண்டு முறை வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். "உங்கள் 'ஒன்று' எங்கே? தனியாகத் தட்டிக் காட்டுங்கள்," என்றேன். உலி தயங்கித் தட்டினார். நான் தொடையில் தாளம் போட்டேன். தகிட, தகதிமி. ஒத்துவரவில்லை.

"அட! நீங்கள் மூண்டில தொடங்குறீங்கள்," என்றார் அக்கா. "இவர் நாலில தொடங்குறார்."

அதேதான். பதிவில் டிரம்ஸ் மெல்ல வளர்ந்து வருவதால் 'ஒன்று' எங்கே என்று துலங்காது. ஏழைக் கேட்டதும் என் கை மிஸ்ர சாபு போட்டுவிட்டது. மூன்று முதலில், நான்கு பிறகு. அவர்களுடையது நான்கு, பிறகு மூன்று. கூடவே வாசித்தால் தெரியாது. மௌனம் வந்தால்தான் அகப்படும்.

"பத்து நிமிடம் வேண்டும்," என்றேன். உலி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து."

கொக்கிகளுக்குக் கீழே நடந்தேன். நாலு அடி, மூன்று அடி. ஏழு வயதில் பாட்டு வகுப்பில் பழகிய கை இடித்துக்கொண்டே இருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காலால் மட்டும் எண்ணினேன்.

மூன்றாம் முறை. நிறுத்தம். மௌனம். ஒன்று. மூவரும் ஒரே இடத்தில் இறங்கினோம். உலி நிறுத்தவில்லை, பத்தொன்பது நிமிடமும் வாசித்து முடித்தோம்.

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து காகித நாள்காட்டியை எடுத்தார். "அடுத்த சனி, மூன்று மணி?" நான் தலையசைத்தேன். எழுதினார். அதற்கடுத்த சனிக்கிழமையிலும் எழுதினார். பக்கத்தைப் புரட்டிக் கச்சேரி நாள் வரை எழுதிக்கொண்டே போனார்.

"அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"டெர்மின் தந்திட்டார், நாள் குறிச்சிட்டார். இவர் 'நல்லாயிருக்கு' எண்டெல்லாம் சொல்லமாட்டார். இதுதான் இவரின்ரை 'ஓம்', சம்மதம்."

17.10. திரும்பும் ரயில். எங்கள் கல்லூரிக் குழுவில் ஒரு பாட்டு சரியாக வந்தால் ஐந்து பேரும் கத்துவோம், கட்டிப்பிடிப்போம், டீக்கடைக்கு ஓடுவோம். ஆனால் அடுத்த பயிற்சி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே அது கலைந்தது. இங்கே யாரும் கத்தவில்லை. என் பெயர் மட்டும் ஒரு நாள்காட்டியில் வரிசையாக இருக்கிறது.

கொலோன் பாலத்தைக் கடக்கும்போது கைப்பேசியைத் திறந்து பதினோராவது வரியை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: "11. அடுத்த சனி, காலை 6.05."