கை படாத படம்

மண்ணெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த அச்சு மையின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதலில் வருவது சந்தோஷம்தான். வெட்கம் அதற்குப் பிறகு வந்து சேரும். அறுபதுகளின் கடைசியில், புத்தூரில் படங்கள் வைத்திருந்த என்னுடைய தகர "றங்குப்பெட்டி"யைத் திறந்தால் அந்த நெடிதான் எழும்.

அண்ணை பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய சித்திர வாத்தியார், தரைக்கு விரிக்கும் லினோலியத் துண்டில் படம் செதுக்கி, மை தடவி, சில பிரதிகள் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் இலக்கமிட்டுக் கையெழுத்து வைப்பார். பிறகு யாரும் மறுபடி அச்சிட முடியாதபடி அந்தத் துண்டைக் குறுக்கே கீறி விடுவார். கோயிலுக்குள்ளும் தேத்தண்ணிக் கடைக்குள்ளும் எல்லோரையும் போலப் போக உரிமை கேட்டு அடிவாங்கிய, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் வழக்குக்காக அவை விற்கப்பட்டன. அண்ணைக்கு அந்த வழக்கு உயிர். எனக்கோ இலக்கங்கள்தான் உயிர். ஒவ்வொன்றாக வாங்கி வந்து தந்து, இனி இது கிடையாது என்று அண்ணை சொல்லச் சொல்ல எனக்கு ஆசை கூடும். மெல்லிய தாளில் சுற்றி, மூலை மடியாமல் அடுக்கி வைத்து, தோழிகளுக்கு எட்ட நின்று காட்டிப் பெருமையடிப்பேன்.

அவற்றில் ஒன்றில், ஒரு பெண் குனிந்து நின்று, மேலிருந்து வார்க்கப்படும் தண்ணீரை, இரண்டு கைகளையும் குவித்த "கைமண்டை"யில் ஏந்திக் குடிக்கிறாள். வார்க்கிறவருக்கு முகமில்லை, கையும் செம்பும் மட்டும்தான். அந்தப் பெண் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்த சின்னி. வாத்தியார் ஒருநாள் அண்ணையோடு வந்தபோது எங்கள் கிணற்றடியில் கண்டதைத்தான் வரைந்திருந்தார். செம்பு அம்மாவுடையது. அம்மாவைவிட மூத்தவளான சின்னியை நாங்கள் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். அவள் அம்மாவை "நாச்சியார்" என்பாள், என்னைப் "பிள்ளை" என்பாள்.

அண்ணை சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு மத்தியானம் அவள் தோட்டத்திலிருந்து நேரே வந்து முற்றத்தில் நின்றாள்.

"பிள்ளை, என்ரை படம் உங்களிட்டை இருக்காம். ஒருக்காக் காட்டுங்கோ. நான் என்னைப் படத்திலை கண்டதேயில்லை."

வாசற்படியில் நின்றபடி உயர்த்திப் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். முதுகு இவ்வளவு கூனிப்போயிற்றா என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு வாங்கிப் பார்க்க இரண்டு கைகளையும் நீட்டினாள். விரலெல்லாம் தோட்டத்தின் சிவந்த செம்பாட்டு மண்.

"கை படக்கூடாது சின்னி, பழுதாப்போயிடும்" என்றேன்.

நான் மண்ணைத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் பிறந்த நாள் தொட்டு அவள் கேட்டு வந்த அதே வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருந்தேன். நீட்டிய கைகள் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கின.

"ஓம் நாச்சியார், பத்திரமா வையுங்கோ" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவள் என்னைப் பிள்ளை என்று கூப்பிடவே இல்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, எனக்குப் புத்தி வந்துவிட்டதாக மெச்சினார். அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அண்ணையிடம் மூச்சு விடவில்லை. தங்கச்சி தன் பக்கம் என்ற நம்பிக்கையோடே அவர் போய்ச் சேர்ந்தார்.

வீடும் கிணறும் போரில் போயின. சின்னி எங்கே போனாளோ, விசாரித்தும் தெரியவில்லை. பெட்டி மட்டும் என்னோடு ஊர் ஊராக அலைந்து வந்தது. அண்மையில் படங்களைக் கண்காட்சிக்குக் கேட்டு வந்த ஒருவர், கையுறை மாட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இத்தனை காலத்துக்குப் பிறகும் ஓர் அழுக்குக்கூட இல்லையே, எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று வியந்தார். அவர் கையில் இருந்தது சின்னியின் படம். ஒரு செம்பாட்டு விரலடையாளம் இருந்திருக்க வேண்டிய அந்த ஓரம் இன்னமும் வெள்ளையாகவே இருக்கிறது.