சத்தம் கேட்காத வகுப்பு

பாக்கியம் டீச்சர் போய்விட்டாராம். ஹாலிஎலவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் இப்போதுதான் போன் பண்ணினான்... கையில் இருந்த டீ அப்படியே ஆறிக்கிடக்கிறது.

எழுபதுகளில் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. ஒரே ஹால், நடுவில் தடுப்புக்கூட இல்லை. அந்தப் பக்கம் அவர் வகுப்பு, இந்தப் பக்கம் என் வகுப்பு.

டீச்சர் ஒரு வாரத்துக்கு நாலு வரிதான் பாடம் எடுப்பார். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று ஞாயிற்றுக்கிழமையே யோசித்து வைத்துவிடுவார்.

'மழை பெய்தது. வள்ளி குடை எடுக்கவில்லை' என்று போர்டில் இருக்கும். ஏன் என்பார். "கொடை இருந்திருக்காது டீச்சர்" என்பாள் ஒருத்தி. "அப்படி எங்க எழுதியிருக்கு? வந்து தொட்டுக் காட்டு."

அவள் எழுந்து போய் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவாள். மற்றதுகள் மூச்சுக்காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. வாய்ப்பாடு... கோரஸ்... அவ்வளவுதான். அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று ஒருநாள் பிள்ளைகளை அடக்கி வாசிக்கச் சொன்னேன். டீச்சரே வந்துவிட்டார்.

"கொறைக்காதீங்க மாஸ்டர், நல்லா கத்தச் சொல்லுங்க. சத்தம் இல்லைன்னா படிப்பு நடக்கலைன்னு மலையில இருந்து ஆள் வந்துரும். எம்புள்ளைக கொஞ்சம் நிம்மதியா யோசிக்கட்டும்."

உண்மைதான். மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குச் சத்தம் கேட்டால்தான் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். நானும் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி கத்தவிட்டேன்.

அப்புறம் ஒரு வாத்தியார் போதும் என்றது தோட்ட நிர்வாகம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்து, யார் இருக்கட்டும் என்று தாய் தகப்பன்மாரிடம் கேட்டார்கள்.

"மாஸ்டர் வகுப்பு சத்தம் மலை வரைக்கும் கேக்குதுங்க. டீச்சரம்மா புள்ளைகள சும்மாதானே ஒக்கார வச்சிருக்காங்க."

டீச்சர்தான் இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "மாஸ்டருக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று அதையும் என் பெருமையிலேயே சேர்த்துவிட்டார்கள். வேலை எனக்குத்தான். வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கைகள்... வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

டீச்சர் பதுளையில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனார். ஒருமுறை சட்டைத்துணி எடுக்கப் போனபோது அவரே அளந்து வெட்டினார்.

"இந்த வாரம் எம்புள்ளைகளுக்கு எந்த வரி மாஸ்டர்?"

அவர் பிள்ளைகளையும் சேர்த்து நான் வாய்ப்பாடு கத்தவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வாய்க்கு வந்த ஒரு வரியைச் சொன்னேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, அதில் பிள்ளைகளிடம் என்னென்ன கேட்கலாம் என்று சொல்லித் தந்தார்...

அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே நான் போகவில்லை.

நாளைக்கு வருகிறேன் டீச்சர். 'நீங்கள் யார்' என்று உங்கள் மகள் என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போய் வாருங்கள்.