உங்கள் அத்தை எழுதிய ஈரக் கயிறு

அன்புப் பிள்ளைகளே, உங்கள் அத்தை மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்கு ஒரே தங்கை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த நினைவு மலரில் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் நம் ஊரில் அத்தை பிறந்தார். உங்கள் தாத்தா தொழிலில் கெட்டிக்காரர். குடித்தால், வலை இழுக்கும் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து எங்களை அடிப்பார். காய்ந்த கயிறு தோலோடு நின்றுவிடும், ஈரக் கயிறு உள்ளே இறங்கும். படகு வரும்போது கோல் ஊன்றும் சத்தத்தைக் கேட்டே இன்று அடி உண்டா என்று அத்தை எனக்குச் சொல்லிவிடுவார். அதே காதோடுதான் பள்ளிக்கும் போனார். வெளியே எது தட்டினாலும் பாடம் காதில் ஏறாது. மந்தம் என்று பின்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அவர்தான் உளவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகள் மந்தமில்லை, அடி எப்போது வரும் என்று நாள் முழுக்கக் காது கொடுத்தே களைத்துப் போனவர்கள் என்று எழுதினார். வேறு மாநிலத்து ஆராய்ச்சியாளர்களும் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆசிரியர் பயிற்சியிலும் அதைச் சொல்லித் தருகிறார்கள்.

ஊர்ப் பெயரை அவர் எங்கும் போடவில்லை, நானும் போடவில்லை. ஆனால் கல்லூரியில் அதைப் படித்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி, அதில் வந்த ஈரக் கயிற்றை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் வீட்டிலும் அதே கயிறுதான். பேச்சு ஊருக்கு வந்து, பஞ்சாயத்து கூடியது. அத்தையையும் வரச் சொன்னார்கள்.

"நான் பெத்தேன், நான் அடிச்சேன். ஊருக்கு இன்னா அதுல?" என்றார் தாத்தா.

"அடிச்சதாலதான் டாக்டர் ஆனா. என் பொண்ணையும் ரெண்டு மாசம் உங்கிட்ட வுடறேன் மாமா" என்று ஒருவர் சொல்ல, கூட்டமே சிரித்தது.

தலைவர் சிரிக்கவில்லை. "எழுதினது பொய்னு சொல்லிடும்மா. இல்லன்னா உங்க அண்ணனுக்குப் பாடு கிடையாது."

பாடு என்பது ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமை. அது போனால் அடுப்பு எரியாது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுச் சோறு அண்ணா. நீ சொல்லு, பொய்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம்மா" என்று சொல்லி, சட்டையைக் கழற்றி ஊருக்கு முதுகைக் காட்டினேன்.

"சட்டையப் போடுடா, வெயில் அடிக்குது" என்றார் தலைவர்.

நாம் மீஞ்சூருக்குக் குடிவந்தது அப்படித்தான்.

புற்றுநோயில் அத்தை படுத்தபோது தாத்தாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "டாக்டராச்சே, அவளே பாத்துக்கட்டும்" என்று பதில் வந்தது.

ஊரில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அத்தையை எடுத்துச் சென்ற காலையில் எல்லாப் படகுகளும் ஏரியில் இருந்தன. என்னோடு தூக்க ஆண்கள் யாரும் வரவில்லை. அத்தையின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியைகள் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள்.

போன மாதம் தலைவர் ஆள் அனுப்பினார். "மலர்ல நல்லவங்க, படிச்சவங்கன்னு மட்டும் போடு. கயிறு கியிறுன்னு வேணாம். உன் புள்ளைங்களுக்குப் பாடு திரும்ப வரும்."

உங்களைக் கேட்காமலே எழுதிவிட்டேன். பாடு இனி உங்களுக்கு வராது.

தோள் கொடுத்த ஆசிரியைகளுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த மீஞ்சூர் அண்டை வீட்டாருக்கும் நம் குடும்பத்தின் நன்றி. தாத்தாவுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஊரில் யாராவது சத்தமாகப் படித்துக் காட்டத்தான் வேண்டும்.