அக்கா கீறிய பிள்ளையார்

ஈரச் சுண்ணாம்பின் காரமான மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண் பக்கத்துச் சுவரில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று தேடும். யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருமுனையில் இருந்த எங்கள் வீட்டு "மதில்" எங்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. இரவில் இயக்கப் "பெடியள்" தாரால் சுலோகம் எழுதிவிட்டுப் போவார்கள், விடிந்ததும் "ஆமி" வந்து சுண்ணாம்படித்து அழிக்கச் சொல்லும், அழித்தால் ஏன் அழித்தீர்கள் என்று பெடியள் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லியே அப்பா மெலிந்துபோனார்.

சுவாமி படத்தின் மேல் எவனும் எழுதமாட்டான் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. சித்திரத்தில் கெட்டிக்காரியான அக்கா மதில் நிறையப் பிள்ளையார் ஒருவரைக் கீறினாள். தெருவால் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். நாங்களும் தப்பிவிட்டோம் என்றுதான் நம்பினோம்.

ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலை, தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவன் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவாக் கீறுற கைதான் அந்த எழுத்தும் எழுதுது. ஆர் அது?" என்று கேட்டான்.

"நான்தான் கீறினனான்," என்றார் அப்பா.

அதிகாரி ஒரு கரித்துண்டை நீட்டினான். நேர்கோடு போடவே அடிமட்டம் தேடுகிற அப்பா கீறிய யானைமுகத்தைப் பார்த்துச் சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. யன்னலுக்குப் பின்னால் நின்ற அக்காவைக் காட்டி, "இனி இதில ஓரெழுத்து இருந்தா இவளைக் கொண்டுபோவம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கீறத் தெரிந்த கை இந்த வீட்டில் இருப்பதற்கு அடையாளமே இருக்கக்கூடாதென்று அன்றே அப்பா பிள்ளையாருக்கு மேல் வெள்ளையடித்தார். அம்மா வாய்விட்டு அழுதாள். தூரிகைகள் அடுப்புக்குள் போயின. ஊரடங்கு தொடங்கும்வரை அப்பா மதிலடியில் "கதிரை" போட்டுக் காவல் இருப்பார். அதற்குப் பிறகு வெளியே போகவும் முடியாது, எழுத வருகிறவர்களை மறிக்கவும் முடியாது. விடிந்து மதிலைப் பார்க்கும்வரை எங்களில் யாருக்கும் உயிர் உயிராக இல்லை. கடைசியில் அவசர அவசரமாக அக்காவைக் குச்சவெளியில் கலியாணம் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு மதில் இல்லை, தென்னோலைக் கிடுகு வேலிதான் என்பதே அந்தச் சம்பந்தத்தின் பெரிய தகுதி.

போன மாதம் அக்காவுடன் அந்தத் தெருவால் நடந்தேன். அப்போதிருந்த ஆமிக் காவலரண் இல்லை, எங்கள் மதிலும் இல்லை. அந்த இடத்தில் கடைகள். எதிர்ச்சுவர் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் மான்களும் மீன்களுமாகக் கீறியிருந்தார்கள். அக்கா ஒரு மானின் கண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மனம் நிறைந்துபோனது. பிறகு, படத்துக்குக் கீழே பிள்ளைகள் எழுதியிருந்த தங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தப் பிள்ளையளைப் பேரை அழிக்கச் சொல்லடி," என்றாள்.