காளான் அறைக்கு வைத்த பொட்டு

மயிலாப்பூரில் காசு கொடுத்து ஈரம் வாங்கிய ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருக்க வேண்டும். கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், புகை மாதிரி ஈரம் கக்கும் ஒரு மெஷினை வாங்கி என் வீணை அறையில் வைத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க ஒருவன் வந்தால், அவனை உட்கார வைத்துக் காபி கொடுத்து வாங்கிக்கொள்கிற ஆள் இவர்.

எல்லாம் சிப்பிக்காளானுக்காக. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர், யூடியூபில் நாலு வீடியோ பார்த்து விவசாயி ஆகிவிட்டார். எங்கள் வீட்டில் காளான் சமைக்கிற வழக்கமே இல்லை. அவர் அதை வாயில் வைத்ததும் இல்லை. கேட்டால், "வளக்கத்தானே போறேன், சாப்பிடவா போறேன்?" என்பார்.

நான் வீணை சொல்லிக்கொடுத்துவந்த அறையில் ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, வைக்கோல் அடைத்த பைகளைத் தொங்கவிட்டார். நானும் என் மாணவிகளும் ஹாலுக்கு வந்தோம். ஒரு பக்கம் குக்கர் விசில், மறுபக்கம் டிவி. இரண்டு பெண்கள் நின்றே போனார்கள். எனக்கு அழுகையாக வந்தது. விஜயதசமிக்குப் புதிதாகச் சேர வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று சண்டை போட்டேன். "நவராத்திரி முடியறதுக்குள்ள காளான் வரலைன்னா ரூமை உனக்கே விட்டுடறேன், போறுமா?" என்றார்.

அவருடைய காளானுக்குக் குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். குளிருக்கு ஏசி போட்டார். ஏசியோ அறையின் ஈரத்தை உறிஞ்சி பால்கனியில் சொட்டவிட்டது. அதை ஈடுகட்டத்தான் ஈர மெஷின். ஒன்று இறைக்க, ஒன்று ஊற்ற, இரண்டும் ராப்பகலாக மல்லுக்கு நின்றன. சுவரில் ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் ஒன்றை, சரியாக மெஷினின் வாய்க்கு நேராக மாட்டினார். அது ஏறும்போதெல்லாம், பேரன் பிறந்த மாதிரி ஹாலுக்கு ஓடிவந்து சொல்வார். பாதி சரளி வரிசையில் நான் தலையாட்ட வேண்டும்.

என் துரதிர்ஷ்டம், துர்காஷ்டமி அன்று பைகளில் மொட்டு விட்டது. குண்டூசித் தலை அளவுக்கு, கொத்துக் கொத்தாக. அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு வயிற்றெரிச்சல். அறை போயே போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. என் வீணையைத் துடைத்து, பட்டுத் துணி போர்த்தி, புத்தகங்களோடு பூஜையில் வைத்தேன். அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. இவர் குளித்துவிட்டு வந்து ஏசிக்கும், ஈர மெஷினுக்கும், காற்றாடிக்கும், மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு ஸ்விட்ச் இல்லாத மீட்டரைத் தவிர எல்லாவற்றையும் பயபக்தியோடு அணைத்தார்.

"ஏன்னா, எதுக்கு அணைக்கறேள்?"

"ஆயுதம்டி. இன்னிக்கு உபயோகப்படுத்தப்படாது."

"ஃப்ரிட்ஜுக்கும்தான் பொட்டு வச்சிருக்கு. அது ஓடிண்டிருக்கே?"

"அதுல பால் இருக்கு."

பொட்டு வைத்த செல்போனில் அன்று சாயங்காலம் வரை காளான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆயுதத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

விஜயதசமி காலையிலும் புனர்பூஜை ஆகாமல் மெஷினைத் தொடமாட்டேன் என்றார். ராகு காலம் கழியட்டும் என்றார். கடைசியில் கதவைத் திறந்தபோது, புளித்த மாவும் ஈர நாயும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் ஹாலுக்கு வந்தது. மூடிய அறையின் புழுக்கத்தில் மொட்டெல்லாம் பழுத்துக் கறுத்துத் தொங்கின. அவர் ஒரு பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

பைகளை அவரே சுமந்து கீழே கொண்டுபோய்ப் போட்டார். நான் பிளாஸ்டிக்கைக் கிழித்து, ஜன்னல்களைத் திறந்து, தரையைக் கழுவினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தட்டில் பழமும் பூவுமாக ஒரு சிறுமி அம்மாவோடு வந்தாள். கோலம் போட்டு அவளை உட்கார வைத்தேன். "மிஸ், ஏதோ ஸ்மெல் வருது," என்றாள். "போயிடும்," என்று சொல்லி, அவள் விரலைத் தந்தியில் வைத்தேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்த இவர், பூஜைப் பொட்டோடு சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மெஷின் இல்லாமல், ஏசி இல்லாமல், வெறும் மழைக்காற்றுக்குத் தொண்ணூறு காட்டியது. பக்கத்திலேயே, காளானுக்கு ஆகாத முப்பது டிகிரி வெப்பத்தைக் காட்டியதை அவர் பார்க்கவில்லை.

"தொண்ணூறுடி! ஜன்னலைத் திறந்தாலே போறும் போலிருக்கே! அப்போ இங்கேயே மறுபடி..."

"க்ளாஸ் நடக்கறது," என்றேன். "கதவைச் சாத்திண்டு போங்கோ."

கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சாத்திக்கொண்டு போனார்.