பன்னிரண்டு கண்ணாடிக் குமரகுருபரன்

‘மாட்’ என்ற பெயரில் அறுபதுகளின் லண்டனில் இறுக்கமான கோட்டும் கண்ணாடிகள் அடுக்கிய ஸ்கூட்டருமாகத் திரிந்த இளைஞர்களின் படத்தை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்ததிலிருந்து, பாளையங்கோட்டை எழுத்தர் குமரகுருபரன் லண்டன்காரனாகிவிட்டான். 1994 சித்திரை வெயிலில் இறுக்கமான கோட்டு. பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் முகப்பில் பன்னிரண்டு கண்ணாடிகள்.

“ஏலே, சலூனையா ஓட்டிட்டு வாரே?” என்றான் சக எழுத்தர் ஐயம்பெருமாள்.

குமரகுருபரன் பொருட்படுத்தவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் டீச்சர் விஜயஸ்ரீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். அதற்காகவே தினமும் அந்த பஸ் ஸ்டாப்பில் வண்டியில் சாய்ந்து நின்று கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

தவம் பலித்தது. ஒருநாள் விஜயஸ்ரீ நேராக அவனிடம் வந்தாள். குனிந்து நடுக் கண்ணாடியில் முகம் பார்த்தாள்.

“கொஞ்சம் ஆடாம நில்லுங்கண்ணே, பொட்டு கோணலாப் போவுது.”

பொட்டு நேரானது. பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். பன்னிரண்டு கண்ணாடியிலும் பன்னிரண்டு அண்ணன்கள் ஆடாமல் நின்றார்கள்.